மற்போரும் பிரேசில் ஜியு-ஜிட்சுவும்

படைக்கலம் ஏந்தாது பொரும் போர் இருவகைப்படும். அடித்தும் உதைத்தும் பொருவது ஒன்று. எதிரியைப் பற்றியும் பிணித்தும் பொருவது மற்றொன்று. குத்துச்சண்டை முதல் வகையைச் சார்ந்தது. மற்போரும் பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சுவும் இரண்டாம் வகையின. இவ்விரண்டின் பெயரையும் இன்று நம் மாணவர் பலர் அறிவர், 'எது சிறந்தது?' என வினவவும் செய்கின்றனர். விடை கூறுமுன் இவை ஒத்தும் வேறுபட்டும் நிற்கும் இடங்களை ஆசிரியர் தெரிந்திருத்தல் நலம்.

மற்போர் மிகத் தொன்மையானது. கிரேக்கரின் பழைய ஒலிம்பிக் விழாவில் கி.மு. 708இலேயே அஃது இடம்பெற்றது. நம் புறநானூற்றிலோ, சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். ஒரு கால் மல்லன் மார்பில் ஊன்றி நிற்க, மற்றொரு கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்த நிலையை அப்புலவர் கண்முன் நிறுத்துகின்றார். பற்றிப் பொரும் கலையில் காலும் ஒரு கையே என்பதற்கு அப்பாடல் சான்று.

ஜியு-ஜிட்சு என்பது ஜப்பானியச் சொல். 'ஜு' என்பது மென்மை, வளைந்துகொடுத்தல். 'ஜுட்சு' என்பது கலை. ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவில் கோடோகான் பள்ளியை நிறுவி, பழைய ஜுஜுட்சுவினின்று ஜூடோவை வகுத்தார். அப்பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் சென்றார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி 1925இல் ரியோ டி ஜெனீரோவில் பயிற்சிக்கூடம் திறந்தார். அவர் இளவல் எலியோ கிரேசி மெலிந்த உடலினர். வலியாரை மெலியார் வெல்லும் வகையில் தரைப்போர் நுணுக்கங்களை வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி வேறுபாட்டைக் காண்போம். ஒலிம்பிக் மற்போரில் எதிரியின் இரு தோள்களையும் பாயில் அழுத்தினால் ஆட்டம் அப்போதே முடியும். ஆகவே முதுகு நிலந்தொடுதல் மல்லனுக்குப் பேரச்சம். கழுத்தை நெரிப்பதும் மூட்டை முறுக்குவதும் அங்கே விலக்கு. ஜியு-ஜிட்சுவிலோ மல்லாந்து கிடப்பது தோல்வி அன்று. போரின் ஒரு நிலையே. கிடப்பவன் தன் கால்களால் எதிரியின் இடையை வளைத்துக் காத்துக்கொள்வான்; அங்கிருந்தே பூட்டுப் போடவும் முயல்வான். எதிரியை வீழ்த்தினால் 2 புள்ளி. அவன் மார்பின்மேல் ஏறி அமர்ந்தாலோ, முதுகைப் பற்றிக் கால்களால் பிணித்தாலோ 4 புள்ளி. எதிரி பணிந்து கையால் தட்டினால் புள்ளிக் கணக்கே வேண்டா, ஆட்டம் முடிந்தது.

பூட்டின் இயல்பு நெம்புகோலின் இயல்பே. எதிரியின் கையை நீட்டித் தன் இடுப்பை அவன் முழங்கைக்குத் தாங்குபுள்ளி ஆக்குவான் ஒருவன். இங்கே ஒரு கையின் வலிமையை எதிர்த்து முழு உடலின் வலிமையும் நிற்கின்றது. அதனாற்றான் சிறியவன் பெரியவனை வெல்ல இயலுகின்றது.

இவ்வுண்மை களத்திலும் காணப்பட்டது. பல்வகைப் போர்க்கலைஞரையும் மோதவிட்ட யு.எப்.சி. போட்டி 1993இல் அமெரிக்காவில் தொடங்கியது. எலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி அதில் வென்றார். 1994இல் டான் செவர்ன் என்னும் மல்லர், தம்மினும் 30 கிலோவுக்கு மேல் எடை குறைந்த ராய்சைக் கீழே தள்ளி நெடுநேரம் அழுத்திவைத்திருந்தார். ராய்ஸ் கிடந்தபடியே செவர்னின் கழுத்தையும் ஒரு கையையும் தம் கால்களுக்கிடையே சிக்கவைத்து நெருக்கினார், செவர்ன் பணிந்தார். ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. மல்லர்கள் பூட்டுகளையும் அவற்றினின்று தப்பும் வழிகளையும் கற்றனர். 2006இல் மற்போர் வழிவந்த மாட் ஹியூஸ் அதே ராய்சை முதற் சுற்றிலேயே வென்றார். எழுந்து நின்று வீழ்த்துவதில் மற்போரும், வீழ்ந்தபின் முடிப்பதில் ஜியு-ஜிட்சுவும் வலிமையுடையன. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது.

ஆசிரியர் கருதத்தக்க செய்தி இன்னும் ஒன்று உண்டு. கைப்பேசியில் கண்ட பிடிகளைப் பிள்ளைகள் பள்ளித் திடலில் செய்து பார்க்கின்றனர். கழுத்தின் இருபுறமும் மூளைக்குக் குருதி செல்லும் குழாய்கள் உள்ளன. அவற்றை நெருக்கினால் சில நொடிகளில் நினைவு தப்பும். விடாது நெருக்கினால் உயிருக்கே ஊறு. 'கூடாது' என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம் கண் மறைந்த இடத்தில் செய்வர். காரணத்தையும் சொல்லுதல் வேண்டும். தட்டியவுடன் விடுவது இக்கலையின் முதல் விதி என்பதையும், காலத்தே தட்டுவது இழிவன்று என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும். கற்க விரும்பும் பிள்ளையைத் தேர்ந்த பயிற்சியாளரிடம் அனுப்புக. அங்கே அவன் முதலிற் கற்பது, தன் கையிற் சிக்கியவனை ஊறின்றி விடுவித்தலே ஆகும்.