சுரங்க மேட்டில் ஒரு கனவு

இங்கிலாந்தின் வடமேற்கே, லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ஓடும் எம் 62 நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்வோர், செயின்ட் ஹெலன்ஸ் நகரை நெருங்குகையில், மரங்களுக்கு மேலே, வெண்ணிறமான ஒரு சிறுமியின் முகம் கண்மூடி நிஷ்டையில் ஆழ்ந்தாற்போல் எழுந்து நிற்பதைக் காண்பார்கள். 20 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிற்பத்துக்குக் ‘கனவு’ என்று பெயர்.

அது நிற்கும் மேடு, 1991-இல் மூடப்பட்ட சட்டன் மேனர் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு குவிந்து உண்டானது. அங்கே ஒரு பொதுச் சிற்பம் அமைய வேண்டுமென்று முன்னின்று பிரயத்தனப்பட்டவர்களில் அச்சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த தொழிலாளரும் உண்டு. ஸ்பெயின் தேசத்துச் சிற்பி ஜவுமே பிளென்சா முதலில் சுரங்க விளக்கின் வடிவமொன்றை அவர்கள் முன் வைத்தார். அந்த விளக்கின் வெளிச்சத்திலேயே கரி வெட்டிக் காலம் கழித்தவர்கள் அதைக் கண்டு உருகிப்போவார்கள் என்றுதான் யாரும் எண்ணியிருப்பார்கள்; அவர்களோ, போன காலத்துக்கு ஞாபகச் சின்னம் வேண்டாம், வருங்காலத்தை நோக்கும் ஒன்றைச் செய்து தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். இவ்விதம் மறுக்கும் சுதந்திரம் ஜனங்களுக்கு இல்லாத இடத்தில், கூட்டு முயற்சி என்பது வெறும் உபசார வார்த்தையே என்பது என் திடமான அபிப்பிராயம். மறுப்பைக் கேட்டு மனம் கோணாமல், சிற்பி மறுபடியும் யோசித்து, இந்தச் சிறுமியின் முகத்தோடு வந்ததும் மெச்சத்தக்கதே.

கரியின் கருமைக்கு நேர்மாறாக, வெள்ளை டோலமைட் கல்லைச் சேர்த்த கான்கிரீட்டில் 90 துண்டுகளாக வார்த்து, அடுக்கடுக்காக ஏற்றி, 2009-இல் அதனைப் பூர்த்தி செய்தார்கள். சமீபத்தில் சென்றால், துண்டுகள் பொருந்திய கோடுகள் கன்னத்தின் குறுக்கே புலப்படும். முகமும் இயற்கையளவை மீறி மேல்நோக்கி நீண்டிருக்கும்.