மாடு இரண்டாம் முறை நடிக்காது!

கௌபாய் படம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? இடுப்பில் துப்பாக்கி, வாயில் சுருட்டு, பின்னால் புழுதி பறக்கத் துரத்தி வரும் பத்துக் குதிரைகள்! இத்தனை அமர்க்களத்தில் ஒரு சின்னக் கேள்வி நமக்குத் தோன்றுவதே இல்லை. மாடு எங்கே? மாட்டுக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டு திரையில் உலவும் அந்த மனிதர் மாடு மேய்த்து நாம் பார்த்ததுண்டா?

மாட்டையும் மாட்டுக்காரரையும் உள்ளது உள்ளபடி படம் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. அது நடந்த இடம் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஸாண்டா ரோஸா மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள பாரடைஸ் வேலி. அதாவது சொர்க்கப் பள்ளத்தாக்கு! இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் அங்கே ஒரு பனிக்காலத்தைக் கழித்தாரோ, என்னவோ!

வில்லியம் ஸ்டாக் என்ற ஜெர்மானியர் 1864-ல் அங்கே ஒரு மாட்டுப் பண்ணையை ஆரம்பித்தார். 'தொண்ணூற்றாறு' என்பதே பண்ணையின் பெயர். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தாரே நடத்தி வந்த அந்தப் பண்ணை, பின்னால் லெஸ்லி ஸ்டூவர்ட் என்பவர் கைக்கு வந்தது. 1978-ல் வாஷிங்டனிலிருந்து சிலர் அங்கே வந்து இறங்கினார்கள். காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்த நாட்டுப்புற வாழ்க்கை மையத்தார் அவர்கள். நோட்டுப் புத்தகம், ஒலிப்பதிவுக் கருவி, காமிரா சகிதம் 1982 வரையில் வருவதும் போவதுமாக இருந்தார்கள். படப்பிடிப்பைக் கவனித்தவர் கார்ல் ஃப்ளைஷ்ஹவர்.

"மாட்டைப் படம் பிடிப்பது என்ன பிரமாதம்? அது பாட்டுக்கு மேய்கிறது. நாம் பாட்டுக்கு எடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கடம்!

மேய்ச்சல் நிலத்து மாடுகளுக்குக் குதிரை மேல் வரும் மனிதரைத் தெரியும். காலால் நடந்து வரும் ஆசாமியைக் கண்டால் மிரட்சிதான். பட்டியின் வாசலருகே காமிராக்காரர் வசதியாக இடம் பிடித்து நின்றுவிட்டால் போதும், மந்தை முழுவதும் வந்த வழியே திரும்பிவிடும். நாலு பேருடைய அரை நாள் உழைப்பு வீண். கன்றுகளுக்குச் சூடு போடும்போதும் அப்படியே. கயிறு வீசி, கன்றைத் தள்ளி, சூட்டுக்கோலை வைத்து, காதில் அடையாளம் வெட்டி, மருந்து குத்தி எழுப்பி விடுகிறார்கள். "கொஞ்சம் வெளிச்சம் போதவில்லை, இன்னொரு முறை!" என்று டைரக்டர் அங்கே சொல்ல முடியுமா? கன்று சும்மா விடாது. அதன் சொந்தக்காரரும் விடமாட்டார்.

அந்தப் பக்கத்தில் மாட்டுக்காரருக்குக் கௌபாய் என்று பெயரில்லை, 'பக்கரூ' என்கிறார்கள். 'வக்கேரோ' என்ற ஸ்பானியச் சொல் உருமாறி வந்தது இது. டெக்ஸாஸ்காரர் கயிற்றின் நுனியைச் சேணத்தின் கொம்பில் இறுகக் கட்டிவிட்டு வீசுவார். பக்கரூ அப்படிச் செய்வதில்லை. கயிறு மாட்டின் மேல் விழுந்த பிறகு, மறு நுனியைக் கொம்பில் சரசரவென்று சுற்றுவார். சுற்றும்போது கட்டைவிரல் உள்ளே மாட்டிக்கொண்டால் விரலை மறந்துவிட வேண்டியதுதான்! கண் இமைக்கும் நேரத்து வேலை இது. எப்போது நடக்கும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் படம் கிடைக்கும்.

இது யாருக்குத் தெரியும்? பண்ணைக்காரருக்குத் தெரியும். இங்கேதான் கதையின் ருசிகரமான பகுதி வருகிறது. வாஷிங்டன்காரர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே, 1945 முதல் 1965 வரை, லெஸ்லி ஸ்டூவர்ட்டே காமிராவும் கையுமாகத் தம் பண்ணையைப் படம் பிடித்து வைத்திருந்தார்!

அந்த இருபது வருஷங்கள் லேசுப்பட்டவை அல்ல. குளிர்காலத்துக்கு மாட்டுக்குத் தீனி வேண்டுமென்றால், கோடையிலேயே புல்லை அறுத்து, உலர்த்தி, போர் போட்டாக வேண்டும். அமெரிக்கப் பண்ணைகளில் இந்த வேலையைச் செய்து வந்த குதிரைகளின் இடத்தை டிராக்டர்கள் பிடித்துக்கொண்ட காலம் அது. போனது திரும்பி வரவில்லை. அப்போது படம் எடுக்க ஆராய்ச்சியாளர் எவரும் அங்கே இல்லை.

நூலகத்தார் ஸ்டூவர்ட்டின் படங்களையும் தங்கள் படங்களோடு சேர்த்துப் பாதுகாத்தார்கள். மொத்தம் 41 படங்கள், 28 ஒலிப்பதிவுகள். சுற்று வட்டாரத்தையெல்லாம் காட்டும் 2,400 புகைப்படங்கள் வேறு. 1980-ல் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தில் கண்காட்சியும் நடந்தது.

வெளியார் எடுப்பது மேலா, வீட்டார் எடுப்பது மேலா? வெளியாருக்கு ஒரு சௌகரியம் உண்டு. முளையடித்து மிலாறு பின்னிய பட்டி வேலியைப் பார்த்து, "இது என்ன? எப்படிச் செய்தீர்கள்?" என்று அவர் கேட்பார். தினமும் அந்த வேலியைத் தாண்டிப் போகிறவருக்கு அதைப் படம் பிடிக்கத் தோன்றுவது அபூர்வம். சொந்தப் பொருள் கண்ணில் படாது அல்லவா?

வெளியாரின் கண்ணுக்கு இன்னொரு சாட்சி, 2009-ல் வெளிவந்த 'ஸ்வீட்கிராஸ்'. இலிஸா பார்பாஷ், லூசியன் காஸ்டேயிங்-டெய்லர் இருவரும் எடுத்த படம். அது மாட்டுப் பண்ணை அல்ல, மான்டானா மாநிலத்து ஆட்டுப் பண்ணை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு கோடையில் மலையேறும் கடைசிப் பயணம். விளக்கவுரை ஒரு வார்த்தை கிடையாது. மேய்ப்பர்களின் சட்டையில் சிறு ஒலிவாங்கியைப் பொருத்திவிட்டுக் காமிரா எட்ட நிற்கிறது. மலைச் சரிவில் புள்ளியாகத் தெரியும் மனிதர் ஆடுகளைத் திட்டுவது காதருகே கேட்கிறது! மலையுச்சியிலிருந்து ஒரு மேய்ப்பர் தாயாருக்குப் போன் செய்து, முழங்கால் வலியையும் நாயின் கால் புண்ணையும் சொல்லி அழுகிறார். சினிமாக் கௌபாய் எவனாவது அம்மாவிடம் அழுததுண்டா?

வீட்டார் எடுக்கும் படத்துக்கும் ஒரு குறை உண்டு. காமிராவைப் பிடித்திருப்பவர் படத்தில் இருக்கமாட்டார். வாஷிங்டன்காரர்கள் எடுத்த படங்களில் லெஸ்லி ஸ்டூவர்ட் இருக்கிறார். மனிதர் வேலையில் இருக்கிறார். காமிராவைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.