பாம்புக்குக் கண்ணாடித் தொட்டியா, பிளாஸ்டிக் டப்பாவா?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சி சாலையில் 2020 ஜூலையில் ஒரு பால் பைதான் 7 முட்டைகள் இட்டது. மலைப்பாம்பு முட்டையிடுவதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தப் பாம்பின் வயது குறைந்தது 62. யாரோ ஒருவர் வீட்டில் வளர்த்து, 1961-ல் காட்சி சாலையிடம் ஒப்படைத்த பாம்பு அது.

எல்லா பால் பைதானும் இவ்வளவு காலம் இருக்காதுதான். ஆனாலும் ஒழுங்காக வளர்த்தால் 20, 30 ஆண்டுகள் என்பது சாதாரணம். நாயைவிட இரண்டு மடங்கு ஆயுள். இந்த 30 ஆண்டுகளும் அது இருக்கப்போவது நாம் வாங்கிக் கொடுக்கும் ஒரு பெட்டிக்குள். தோட்டம், வாக்கிங், மொட்டைமாடி எதுவும் கிடையாது. அதனால்தான் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் பாம்பு வளர்ப்பவர்களிடையே ஒரு சண்டை பல வருடமாக ஓயாமல் நடக்கிறது. கண்ணாடித் தொட்டி நல்லதா, பிளாஸ்டிக் டப்பா நல்லதா?

வெளியில் இருந்து பார்த்தால் பதில் சுலபம் போலத் தெரியும். கண்ணாடி என்றால் வெளிச்சம், அழகு, மரக்கிளை, செடி. டப்பா என்றால் குளிர்காலப் போர்வையைப் போட்டு வைக்கிற அதே பெட்டி. பாம்பின் மேல் பாசம் உள்ளவர் எதை எடுப்பார்? ஆனால் புதிதாகப் பாம்பு வாங்கிய பலர், கண்ணாடித் தொட்டியில் படாத பாடு பட்டு, கடைசியில் டப்பாவுக்கு மாறியிருக்கிறார்கள். பாம்பும் அதன் பிறகுதான் தேறியிருக்கிறது. ஏன்?

மீனுக்குச் செய்த வீடு

கண்ணாடித் தொட்டி முதலில் மீனுக்காகச் செய்யப்பட்டது. தண்ணீர் ஒழுகக் கூடாது என்பதே அதன் வேலை. அதை அப்படியே எடுத்து, மேலே கம்பி வலை மூடி போட்டுப் பாம்புக்கு விற்க ஆரம்பித்தார்கள். பிரச்சினை அந்த மூடியில் இருக்கிறது. வலைக்கு மேல் விளக்கை வைத்துச் சூடாக்கினால், சூடான காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும். பக்கச் சுவர்களும் சும்மா இருக்காது. கண்ணாடி பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை வெளியே கடத்தும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீடுகளில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம், அதற்கும் கீழே என இறங்கிவிடும். தொட்டிக்குள்ளும் அதே கதி.

பால் பைதானின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பகுதிகளில் பகல் முழுக்க எலி வளையிலோ கரையான் புற்றிலோ சுருண்டு கிடக்கும். உள்ளே இருட்டு, கதகதப்பு, ஈரம். வீட்டில் வளர்க்கும்போது ஈரப்பதம் சுமார் 60 முதல் 80 சதவீதம், பெட்டியின் ஒரு முனை 31-33 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25-27 டிகிரி என்று வைக்கச் சொல்வது அதனால்தான். பாம்பால் உடம்பு சூட்டைத் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. சூடு வேண்டுமென்றால் சூடான பக்கம் போகும், போதுமென்றால் திரும்பி வரும்.

ஈரம் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது சட்டை. ஆரோக்கியமான பாம்பு, காலுறையைக் கழற்றுவது போல முழுச் சட்டையையும் ஒரே துண்டாக உரிக்கும். வறண்ட தொட்டியில் அது துண்டு துண்டாகக் கிழிந்து, உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு சேர்ந்து உரிய வேண்டும். உரியாமல் அடுக்கடுக்காகத் தங்கினால் கண்ணுக்கே ஆபத்து. வால் நுனியில் வளையமாக ஒட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று, நுனி செத்துப்போகும்.

இன்னொன்று, நாலு பக்கமும் திறந்த கண்ணாடி. நமக்கு அது ஜன்னல். வளைக்குள் ஒளிந்து வாழும் பிராணிக்கு அது நடுரோடு. ஆள் நடமாட்டம் எல்லாம் தெரியும், மேலிருந்து கை இறங்கும். மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்துதான். பயந்த பாம்பு சாப்பாட்டைத் தொடாது. பால் பைதான் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதில் பேர்போனது. வாங்கியவருக்குத் தூக்கம் போய்விடும்.

டப்பாவின் கதை

டப்பாவைப் பிரபலமாக்கியது வியாபாரம். 1992-ல் அமெரிக்காவில் பாப் கிளார்க் என்பவர் வெள்ளையும் மஞ்சளும் கலந்த 'அல்பினோ' பால் பைதானை வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்து காட்டினார். அதன் பிறகு புதுப்புது நிறமும் வடிவமும் கொண்ட பாம்புகளுக்கு, 'மார்ஃப்' என்ற பெயரில், பெரிய சந்தையே உருவானது. நூற்றுக்கணக்கான பாம்புகளை ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வந்ததுதான் ரேக். நம் வீட்டு டிராயர் அலமாரி மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். பின்பக்கம் சூடேற்றும் பட்டை, அதைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். இழுத்து, தண்ணீர் மாற்றி, எலியைப் போட்டு, மூட வேண்டியதுதான்.

வீட்டில் ஒன்றிரண்டு பாம்பு வளர்ப்பவர்களும் இதைப் பார்த்து, கடையில் விற்கும் சாதாரணப் பெட்டியில் சால்டரிங் அயர்னால் ஓட்டை போட்டுப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். கண்ணாடித் தொட்டியை நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, காலியாகவே 25 கிலோ கனத்தை இருவர் தூக்க வேண்டிய இடத்தில், இருபது டாலருக்குள் ஒரு டப்பா. ஓட்டையைக் கூட்டிக் குறைத்தே ஈரப்பதத்தைச் சரிசெய்யலாம். பக்கச் சுவர் மங்கலாக இருப்பதால் பாம்புக்கும் நிம்மதி. சட்டை முழுசாக உரிந்தது, பாம்பு சாப்பிட்டது. 'அப்புறம் என்ன?' என்று கேட்கிறது டப்பா கட்சி.

டப்பாவிலும் வினை இல்லாமல் இல்லை. மேலே விளக்கு வைத்தால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். அதனால் அடியில் ஹீட் மேட் வைப்பதுதான் வழி. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டைப் போல மோசமான சிக்கனம் வேறில்லை. கட்டுப்பாடில்லாமல் சூடேறும்போது, வயிறு வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு பல நேரம் நகராமல் அங்கேயே கிடக்கும். அடிவயிற்றில் தீக்காயத்தோடு மருத்துவரிடம் வரும் பாம்புகளின் கதை பெரும்பாலும் இதுதான். காற்றோட்டம் போதாமல் அடித்தளம் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால், செதில் அழுகல், நுரையீரல் தொற்று வரும். மூடியின் கிளிப் லூஸாக இருந்தால் காலையில் டப்பா காலியாக இருக்கும். அதைச் சொல்லவே வேண்டாம்.

சாப்பிட்டால் போதுமா?

இந்த இடத்தில்தான் விவாதம் சூடாகிறது. ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் பால் பைதான்களை ரேக்கிலும், கிளையும் மறைவிடமும் உள்ள டெரேரியத்திலும் வைத்து, நடத்தையை ஒப்பிட்டு 2021-ல் ஆய்வு வெளியிட்டார்கள். டெரேரியத்தில் ஏறுவது, மண்ணைத் தோண்டுவது, சூட்டில் குளிர் காய்வது எல்லாம் நடந்தன. ரேக்கில் இவற்றைச் செய்யவே வழியில்லை. இடமும் இல்லை, பொருளும் இல்லை. 'பால் பைதான் சோம்பேறி, ஒரு மூலையில்தான் கிடக்கும்' என்று ரேக் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. ஏற ஒரு கிளையே தராமல், ஏறுவதில்லை என்று சொல்வது என்ன கணக்கு?

2019-ல் பிரிட்டனைச் சேர்ந்த கிளிஃபோர்ட் வார்விக் குழுவினர் வேறொரு எளிய வேலை செய்தார்கள். அடைத்து வளர்க்கப்படும் 65 பாம்புகளைத் தலா ஒரு மணி நேரம் கவனித்தார்கள். அதில் 24 பாம்புகள் உடம்பை நேராகவோ, ஏறக்குறைய நேராகவோ நீட்டின. ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இது. பெரும்பாலான ரேக் டப்பாக்களில் வளர்ந்த பாம்பு முழுசாக நீட்டிப் படுக்கவே முடியாது. பெண் பால் பைதான் 4, 5 அடி வரை வளரும். முழு நீளமும் நீட்ட இடம் வேண்டும் என்பதே பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வின் அறிவுரையும்.

பெரிய பெட்டியில் பாம்பு சாப்பிடாது என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. வெறும் மைதானம் போன்ற பெரிய பெட்டியில் பாம்பு மிரளும். அதே பெட்டியில் சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று என மறைவிடங்களும், நடுவில் இலை தழை, மரப்பட்டையும் வைத்தால் அந்தப் பயம் இருக்காது.

நம் ஊரிலும் பாம்பை அடைத்து வைக்கும் ஒரு பழைய முறை உண்டு. கண்ணாடியும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்க, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்களை அங்கே மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். இருட்டு, குளிர்ச்சி, அமைதி. டப்பா கட்சி சொல்லும் அதே நன்மைகள். ஆனால் பானையில் இருப்பது மூன்று, நான்கு வாரம்தான். பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். சில வாரத்துக்கு நல்லதாக இருக்கும் ஏற்பாட்டை 30 வருடத்துக்கு நீட்டினால் அது வேறு விஷயமாகிவிடுகிறது.

அப்போ எதை வாங்குவது?

குட்டிப் பாம்பு, புதிதாக வந்த பாம்பு, நோயில் இருக்கும் பாம்பு என்றால் டப்பாவே மேல். சுத்தம் செய்வது எளிது, எச்சத்தைக் கவனிக்கலாம், மருந்து கொடுக்கும்போது துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. டிஷ்யூ காகிதம் விரித்து, ஒரு மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம் போதும்.

வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்குக் கண்ணாடி நன்றாகவே ஒத்துவரும். அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த அந்தப் பாம்புக்கு 40 முதல் 60 சதவீத ஈரம் போதும். ஏறவும் சுற்றவும் பிடிக்கும். ஆனால் சின்ன இடுக்கு கிடைத்தால் போதும், தப்பித்துவிடும். மூடிக்குப் பூட்டு அவசியம்.

வளர்ந்த பால் பைதானுக்கு இப்போது அங்கே பலரும் போவது மூன்றாவது வழிக்கு: 4 அடி நீளம், 2 அடி அகலமுள்ள பி.வி.சி. பெட்டி. சுவர்கள் பிளாஸ்டிக், முன்பக்கம் மட்டும் கண்ணாடிக் கதவு. ஈரமும் சூடும் தங்கும். கை மேலிருந்து இறங்காமல் முன்னாலிருந்து நீளும். விலைதான் கடிக்கும், சில நூறு டாலர். என் கணக்கில், 30 வருடத்தால் வகுத்துப் பார்த்தால் அது பெரிய தொகை இல்லை.

ஏற்கெனவே கண்ணாடித் தொட்டி வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். வலை மூடியின் பெரும்பகுதியை அலுமினியத் தாளாலோ அக்ரிலிக் பலகையாலோ மறைக்கலாம், விளக்கு இருக்கும் இடத்தையும் காற்றோட்டத்துக்குக் கொஞ்சத்தையும் விட்டுவிட்டு. பின்பக்கத்தையும் இரு பக்கங்களையும் கறுப்புக் காகிதத்தால் ஒட்டிவிடலாம். தரையில் நாலு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள் போட்டு, ஓரத்தில் தண்ணீர் ஊற்றினால் மேல்பரப்பு காய்ந்தும் அடிப்பகுதி ஈரமாகவும் இருக்கும். உலகம் முழுக்கப் பாம்பு வளர்ப்பவர்கள் கோகோ பீட் என்று வாங்கும் இந்தத் தூளில் கணிசமானது இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போவது. பொள்ளாச்சிக்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

எந்தப் பெட்டியானாலும் இரண்டு முனையிலும் தெர்மாமீட்டர், ஒரு ஈரப்பதமானி, ஒரு தெர்மோஸ்டாட் இருக்க வேண்டும். கையை உள்ளே விட்டு 'சூடாத்தான் இருக்கு' என்று சொல்வது அளவு ஆகாது.

இங்கே வளர்க்கலாமா?

நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வளர்க்கவே முடியாது. நல்ல பாம்போ, மலைப்பாம்போ, பிடித்து வைத்திருந்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். பால் பைதான் வெளிநாட்டு இனம் என்பதால் கதை வேறு. சர்வதேச வணிகம் கட்டுப்படுத்தப்படும் உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட சட்டமும், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும், அத்தகைய பிராணியை வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கைக்கு வந்த 30 நாள்களுக்குள். குட்டி போட்டாலும், கைமாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

இந்தப் பாம்புகள் எப்படி வந்து சேர்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் பிடிபட்டன. அதே ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் இன்னொரு பயணியிடம் 47 மலைப்பாம்புகள். ஓட்டை போட்ட பெட்டிகளில், துணிமணியோடு மடித்து வந்தவை. ஆன்லைனில் 'பேப்பர்ஸ் எல்லாம் பக்கா' என்று யாராவது பால் பைதான் விற்றால், இறக்குமதி அனுமதியையும் விற்பவர் பெயரில் உள்ள பரிவேஷ் பதிவையும் முதலில் கேளுங்கள். பெட்டி வாங்குவது அதற்கு அப்புறம்.