லூமனை நம்பலாமா?

பல்பு வாங்கப் போனால் எங்கப்பா "எத்தனை வாட்?" என்றுதான் கேட்பார். பவளத் தொட்டிக்கு எல்.இ.டி. வாங்க அது போதாது; லூமனும் போதாது. லூமன் மனிதக் கண்ணுக்கான கணக்கு. பகலில் நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் பளிச்சென்று தெரியும். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கோ 450 நானோமீட்டர் பக்கத்து நீலம்தான் சோறு! ஆகவே நீல விளக்கு லூமனில் தோற்றாலும் தொட்டியில் ஜெயிக்கும்.

சரியான அளவு 'பார்': 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் விநாடிக்கு எத்தனை விழுகின்றன என்பது. ஒப்பிடும்போது ஒரே உயரம், ஒரே ஆழம் வைத்து, நடுவிலும் மூலையிலும் அளக்கணும். குறுகிய லென்ஸ் நடுவில் மட்டும் கூட்டிக் காட்டும். ஒளி குறைந்தால் பவளம் பட்டினி. திடீரென்று மிகுந்தால் பாசியை இழந்து வெளுத்துவிடும். அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்!