உங்களுக்குத் தெரியுமா? நாயை அளக்கும் சட்டம்

பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் பிட்புல், ஜப்பானிய டோசா உள்ளிட்ட நான்கு வகை நாய்களுக்குத் தடை விதிக்கிறது. எக்ஸ்எல் புல்லி என்ற வகை பின்னால் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் 1 முதல். வம்சாவளிச் சான்று இங்கே எடுபடாது, தோற்றம்தான் கணக்கு. தோள் உயரம் ஆணுக்கு 20 அங்குலம், பெண்ணுக்கு 19 அங்குலம் தொட்டு, தலையும் உடற்கட்டும் அரசு தந்துள்ள வர்ணனையோடு பெருமளவு ஒத்துப்போனால் போதும், அது எக்ஸ்எல் புல்லிதான். பரமசாதுவான நாயும் தப்பாது. சான்றிதழ் பெற்ற நாய்க்குக் கருத்தடை, மைக்ரோசிப், மூன்றாம் நபர் காப்பீடு எல்லாம் கட்டாயம். வெளியே வந்தால் வாய்மூடியும் வாரும் வேண்டும். வாரைப் பிடிப்பவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். சாலையில் போகும் சொந்தக் காருக்குள்கூட வாய்மூடியைக் கழற்றக்கூடாது.