நகத்தில் ஒரு பூ

மும்பை, டெல்லி அழகு நிலையங்களில் நகத்தில் பூ ஒட்டுகிறார்கள். அந்தப் பூ எப்படி வருகிறது?

அது வயல் களிமண் அல்ல. பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆன செயற்கைக் களிமண். நடுவில் மஞ்சள் குச்சி. சுற்றிலும் ஐந்து சிவப்புக் குச்சிகள். இடைவெளியில் வெள்ளை. எல்லாவற்றையும் அழுத்தி, இழுத்து நீட்டுவார்கள். குச்சி மெலியும், பூவும் சிறுக்கும். உருவம் மாறாது. பிறகு சூடாக்குவார்கள். மெல்லிய வில்லைகளாக நறுக்குவார்கள். எங்கே நறுக்கினாலும் அதே பூ!

நகப்பூச்சு காயும் முன் வில்லையை ஒட்ட வேண்டும். மேலே நிறமில்லாத பூச்சு பூச வேண்டும்.

களிமண் பொதுவாக 110 முதல் 135 டிகிரி சூட்டில் இறுகும். சூடு மிஞ்சிக் கருகினால் நச்சுப் புகை வரும். உறையில் உள்ள அளவைப் படித்துப் பாருங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம். வில்லை மிட்டாய் போல் இருக்கும். குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.