காயலான் கடைக்குச் செல்லும் கணிப்பொறி

முகப்பேரிலும் அதனையடுத்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் கணிப்பொறி இல்லாத அலுவலகத்தைக் காண்பது அரிது. புதியது வந்ததும் பழையது எடைக்கணக்கில் காயலான் கடைக்குச் செல்கிறது. (காயற்பட்டினத்து வணிகரால் அமைந்த பெயர் இது என்பர்.) விற்றதோடு கடமை முடிந்ததென்று நாம் எண்ணிவிடுகிறோம்.

ஆனால் உள்ளே வன்தட்டு இருக்கிறது. ஒரு கோப்பினை அழிக்குமாறு ஆணையிட்டால் கணிப்பொறி பெரும்பாலும் அட்டவணையிலுள்ள பெயரை மட்டுமே நீக்குகிறது. நூலகத்தில் பட்டியல் அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு நூலை அலமாரியிலேயே விட்டுவைப்பதற்கு ஒப்பானது இது. தேடத் தெரிந்தவன் எடுத்துவிடுவான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் இருவர் பழைய வன்தட்டுகள் 158-ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவினை வெளியிட்டனர். இயங்கிய 129-இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! ஏனையவற்றில் கடனட்டை எண்கள்கூட ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஊழியரின் ஊதியப் பட்டியலும் வாடிக்கையாளர் கணக்கும் பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமன்றோ?

பொறியின் உடலிலும் நஞ்சுண்டு. பித்தளைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற மொராதாபாத்தில் மின்சுற்றுப் பலகைகளை எரித்தும் அமிலத்தில் அமிழ்த்தியும் உலோகம் பிரித்தனர். கரிய சாம்பல் இராமகங்கை ஆற்றங்கரையில் குவிந்தது. பற்றவைப்பிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது.

மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே முதல் நம் நாட்டில் உள்ளன. 2023 ஏப்ரலில் அவை புதுப்பிக்கப்பட்டன. வன்தட்டைக் கழற்றி, முழுப்பரப்பிலும் மேலெழுதியோ சிதைத்தோ முடித்த பின்னரே, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் பொறியை ஒப்படைத்து எழுத்துவழிச் சான்று பெறுதல் வேண்டும்.